நீனாவின் அறைக்கு மேலே

வினிபெக்
மே 11

தாரஸ்,

நீனாவின் அறைச் சுவரை அழுக வைத்தது நீ. நான் இல்லை.

ஒரு வாரமாக வேலைக்குப் போகும் பேருந்தில் இந்த வரியைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். உன் நம்பர் இப்போது யாரோ ஒரு கிழவரிடம் இருக்கிறது. நான் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "நீங்க தேடுற ஆளு நான் இல்லம்மா" என்றார். பிறகு கிடங்கில் உன்னோடு வேலை பார்த்த ஜெரியிடம் போய் நின்று விலாசம் வாங்கினேன். கடிதமும் ஒரு வகையில் நல்லதுதான். நான் கத்த ஆரம்பித்ததும் நீ வைத்துவிட முடியாது.

நீ காலி செய்த மாடி வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க கார்மைக்கேல் ஒரு ஆளை அனுப்பியிருந்தான். வீட்டுக்காரனுக்கு இப்போதுதான் அந்தச் சுவர்கள் நினைவுக்கு வந்திருக்கின்றன. பெயின்டர் மத்தியானம் கீழே வந்து என் கதவைத் தட்டினான்.

"மேல குடியிருந்தவரு பல் டாக்டரா?" என்று கேட்டான்.

எனக்குப் புரியவில்லை.

"ரூம் பூரா பல்பசை வாசனை அடிக்குது. வந்து பாருங்க."

போனேன். நீ செடி வைத்திருந்த சின்ன அறை. நீனா படுக்கும் அறைக்கு நேர் மேலே இருப்பது. சுவரெல்லாம், கூரையெல்லாம், பிளாஸ்டிக் தாளை நிறுத்த நீ அடித்த ஸ்டேப்ளர் பின்களின் ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் பல்பசையை வைத்துத் தேய்த்திருக்கிறாய். வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டாம். மற்ற சுவர்களில் அது காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. தெருப்பக்கச் சுவரில் மட்டும் காயவே இல்லை. விரலை வைத்தேன், உள்ளே போயிற்று. பெயின்டர் தகட்டால் லேசாகத் தட்டினான். சுவர்ப் பலகை, பாலில் ஊறிய ரொட்டி மாதிரி பெயர்ந்து விழுந்தது. பின்னால் பூஞ்சணம். கறுப்பாக, ரோமம் முளைத்த மாதிரி, மேலிருந்து என் வீட்டை நோக்கி இறங்கியிருந்தது.

"கீழ யாராவது படுக்கிறாங்களா?" என்று கேட்டான் அவன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தகட்டைக் கீழே வைத்தான்.

பிப்ரவரியில் நீனா மூச்சுக்குத் தவித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பிளாஸ்டிக் போட்டிருக்கேன்ல, ஒரு சொட்டு வெளிய போகாது" என்று என்னிடம் சொன்னாய். நம்பினேன். நகராட்சியிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார் என்றதும் செடியையும் காற்றை ஈரமாக்கும் மெஷினையும் ஜெரியின் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, "செடியப் பத்தி வாயத் தொறந்துடாத லெஸ்யா, கார்மைக்கேல் என்னை வெளிய தள்ளிடுவான்" என்றாய். வாயைத் திறக்கவில்லை. வந்தவர் உன் காலி அறையில் தலையை நீட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தார். கயிற்றில் நீனாவின் பள்ளிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் துணி உலர்த்துகிறாள், ஜன்னலைத் திறப்பதில்லை, சரியாகச் சுத்தம் செய்வதில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

நான் ஊரார் ஆபீஸ்களைக் கூட்டித் துடைத்துப் பிழைக்கிறவள். எனக்குச் சுத்தம் தெரியாது என்று எழுதிவிட்டார்.

அந்தக் குறிப்பை வைத்துத்தான் நீனாவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது பிராண்டனில் அவள் அப்பா டுவேனோடும் அவன் புது மனைவியோடும் இருக்கிறாள். "தற்காலிகமாக" என்றார்கள். உனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊரை விட்டுப் போனாயா?

பதில் எழுது.

லெஸ்யா

*

பர்னபி
மே 21

அன்புள்ள லெஸ்யா,

உன் கடிதம் வந்து நான்கைந்து நாளாகிறது. மேசையில்தான் இருக்கிறது. காபிக் கோப்பையை அதன் மேல் வைக்காமல் இருக்கக் கவனமாக இருக்கிறேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இங்கே ஒரு வீட்டின் கீழறையில் தங்கியிருக்கிறேன். மேலே ஒரு சீனக் குடும்பம். நல்லவர்கள். மழை நிற்பதே இல்லை. காற்றிலேயே ஈரம் இருக்கிறது, மெஷின் தேவைப்படவில்லை. கொடி பிழைத்துக்கொண்டது. ஜெரியின் வேனில் குளிரில் ஒரு ராத்திரி கிடந்ததில் பாதி இலை கருகிப்போயிருந்தது. இப்போது பாசி சுற்றிய கம்பைப் பிடித்து மறுபடி ஏறுகிறது. நேற்று ஒரு இலை விரிந்தது. உனக்கு நினைவிருக்கும், இலையைவிட ஓட்டைதான் அதிகம், ஏதோ பூச்சி தின்றுவிட்டு நரம்பை மட்டும் விட்டுவைத்த மாதிரி. ஆனால் அது அப்படித்தான் பிறக்கிறது. பெருவில் ஆற்றோரக் காட்டில் வளர்வதை ஒரு அறைக்குள் இப்படி விரியவைப்பது எல்லோராலும் ஆவதில்லை. இணையத்தில் படம் போட்டேன். ஜகார்த்தாவிலிருந்து ஒருவர், 'ஐயா, எப்படிச் செய்கிறீர்கள்?' என்று எழுதியிருந்தார். ஐயா என்று என்னை வேறு யார் கூப்பிடுகிறார்கள்?

நீ இதைக் கேட்கவில்லை, தெரியும்.

அந்தக் கட்டடம் எப்போதுமே மோசம்தான் லெஸ்யா. நான் குடிவருவதற்கு முன்பே கூரை ஒழுகியது. கார்மைக்கேல் ஒரு தார்ப்பாயைப் போட்டுவிட்டுப் போனதை நீயே பார்த்திருக்கிறாய். ஒரு மெஷினால் முழுச் சுவரும் போய்விடுமா? எனக்குத் தோன்றவில்லை. பல்பசை வைத்தது உண்மை. முன்பணத்தைப் பிடித்துக்கொள்வான் என்று வைத்தேன்.

நீனாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? மூச்சு சீராகிவிட்டதா?

இதோடு ஒரு பெட்டி வருகிறது. கொடியிலிருந்து இரண்டு கணு வெட்டி, ஈரப் பாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். இந்தக் கொடி வளர்க்கிற எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு: யாருக்காவது மனம் கசந்துபோனால் அவருக்கு ஒரு கணு வெட்டி அனுப்புவோம். வாயால் சொல்வதைவிட அது மேல் என்று நினைப்போம். நீ வைத்துக்கொள்ளலாம். விற்றாலும் நல்ல விலைக்குப் போகும். நீனாவுக்குப் பிடிக்கும்.

உன் தம்பி
தாரஸ்

*

வினிபெக்
மே 30

தாரஸ்,

உன் மன்னிப்பு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வந்து சேர்ந்தது. அது வந்த அன்றுதான் மிஸஸ் ரெம்பெல்லும் வந்தார். குழந்தைகள் நலத் துறையிலிருந்து என்னைக் கண்காணிக்க அனுப்பப்படுகிற அம்மாள். மெதுவாகப் பேசுவார், செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருவார்.

மேசையில் டப்பா திறந்து கிடந்தது. உள்ளே ஈரப் பாசி, அதன் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இது என் தம்பியின் செடி, மாடியில் ஒரு அறை முழுக்க இதை வளர்த்தான், குளிர்காலம் பூரா மெஷின் வைத்து ஈரத்தைக் கக்க விட்டான், அதுதான் சுவருக்குள் இறங்கி என் பெண்ணின் நெஞ்சுக்குள் போனது என்று. மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ரொம்ப அபூர்வமான செடியாச்சே. எங்க அக்கா பொண்ணு இதுக்குன்னே கண்ணாடி ரூம் கட்டியிருக்கா" என்றார்.

அக்கா பெண் வீட்டில் அது பொழுதுபோக்கு. என் வீட்டில் அழுக்கு. இரண்டும் ஒரே செடிதான்.

பிறகு, "உங்க தம்பி இதை அவர் வாயால சொல்வாரா?" என்று கேட்டார். "சொல்வான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "இத்தனை நாள் நீங்க ஏன் சொல்லல?" என்று அடுத்த கேள்வி. தம்பியைக் காப்பாற்றினேன் என்றால், பெண்ணை விட்டுக்கொடுத்தேன் என்றுதானே எழுதிக்கொள்வார்?

கூரை ஒழுகியது என்கிறாய். ஒழுகியது உன் சமையலறைப் பக்கம். இது தெருப்பக்கச் சுவர். என்னிடம் இந்த விளையாட்டு வேண்டாம்.

கார்மைக்கேலைப் பற்றி நீ சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி முழுக்க என் வீட்டில் பதினைந்து டிகிரிக்கு மேல் ஏறவில்லை. போன் செய்தால், "ஸ்வெட்டர் போட்டுக்கோங்க" என்பான். உன் கொடியின் அறையில் இருபத்தாறு. அதற்கென்று தனி ஹீட்டர் வைத்திருந்தாய். ஒரே கட்டடத்தில் ஒரு செடிக்கு இருபத்தாறு, எட்டு வயதுப் பெண்ணுக்குப் பதினைந்து. இதை நினைக்கும்போது உன் மேல் வரும் கோபம் எது, அவன் மேல் வரும் கோபம் எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஜூன் 27 அன்று நீதிமன்றத்தில் விசாரணை. நீனா நிரந்தரமாகத் தன்னிடமே இருக்க வேண்டும் என்று டுவேன் கேட்டிருக்கிறான். அவன் வக்கீல் கையில் அந்த நகராட்சிக் குறிப்பு இருக்கிறது. எனக்கு இலவச வக்கீல், சின்னப் பையன், என் பெயரை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொல்கிறான். பெயின்டர் சாட்சிக்கு வரமாட்டான், கார்மைக்கேலிடம் கூலி வாங்குகிறவன். சுவரையும் புதுப் பலகை வைத்து மூடியாயிற்று. மிச்சம் இருப்பது நீ மட்டும்தான்.

வா. வந்து, அந்த அறையில் என்ன இருந்தது என்று சொல். பஸ்ஸில் வந்தால் இரண்டு நாள். என் வீட்டில் தங்கு.

உன் கணுக்களைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

லெஸ்யா

*

பர்னபி
ஜூன் 7

லெஸ்யா,

குப்பையில் போட்டதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ எழுதுவதைப் பார்த்தால் நான் ஏதோ திருடன் மாதிரி மாடியில் ஒளிந்துகொண்டு தனியாகச் செய்ததுபோல இருக்கிறது. நான் கிடங்கில் ராத்திரி வேலைக்குப் போனேன். அந்த மெஷின் விடியும்வரை தாங்காது. தினமும் சாயங்காலம் அதில் தண்ணீர் ஊற்றியது யார்? இரண்டு கையிலும் குடங்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியது யார்? நான் ஒரு தடவை கேட்டேன், நீ குளிர்காலம் முழுக்கச் செய்தாய். செய்ததோடு நிற்கவில்லை. நீனாவையும் கூட்டிக்கொண்டு போனாய். அவள் அந்தப் பிளாஸ்டிக்குக்குள், ஊதா விளக்குக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் இருவரும் சாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடற்கரைக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். "மாமா, இன்னிக்கு ஒரு இலை சோம்பல் முறிக்குது" என்பாள். அந்தக் காற்றை அவள் உள்ளே உட்கார்ந்தே சுவாசித்தாள். அவளுக்கு நோய் வரச் சுவர் எதற்கு?

இதையும் நீதிமன்றத்தில் சொல்லவா? கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். உன் வக்கீல் பையனிடம் கேட்டுப் பார், இது உனக்கு நல்லதா என்று. டுவேனின் வக்கீல் என்னை நிறுத்திவைத்து, "அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

நான் வராமல் இருப்பது உன்னைக் காப்பாற்றத்தான் என்று வைத்துக்கொள்ளேன்.

தாரஸ்

*

வினிபெக்
ஜூன் 13

தாரஸ்,

ஆமாம். ஊற்றினேன்.

இதை நீ எழுதுவாய் என்று முதல் கடிதத்தை எழுதும்போதே எனக்குத் தெரியும். எழுத மாட்டாய் என்றும் ஒரு நப்பாசை இருந்தது. உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில், ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸின் கழிவறையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே வந்து அதே கழிவறையை மறுபடி கழுவினேன். ஏற்கெனவே கழுவியிருந்தேன்.

நான் தண்ணீர் ஊற்றப் போனது உனக்கு உதவ அல்ல. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கதகதப்புக்காகப் போனேன். என் வீட்டில் நீனா கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். அங்கே போனால் கோட்டைக் கழற்றுவாள். ஒரு அம்மாவுக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த மண் வாசனை, அந்த ஈரம், ஜன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பது டிகிரி குளிர். அவள் இருமியபோது பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும்தான் இருமுகின்றன என்று நினைத்தேன். ஒருநாள் குடத்தை வைக்கும்போது பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஏதோ புளித்த வாசனை வந்தது. கேட்டால் அந்த அறையை மூடிவிடுவாய் என்று கேட்கவில்லை.

இதை நானே நீதிபதியிடம் சொல்லப்போகிறேன். வக்கீல் பையன் வேண்டாம் என்கிறான், "இது உங்களுக்கு எதிராப் போகும்" என்கிறான். போகட்டும். என் பங்கை நான் சொல்கிறேன். உன் பங்கை நீ சொல். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று மட்டும் இனி எழுதாதே. அதைப் படிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, உனக்காக.

ஜூன் 27, காலை பத்து மணி.

லெஸ்யா

*

பர்னபி
ஜூன் 18

லெஸ்யா,

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, திரும்பப் போய்ப் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு கிழவி என்னைத் திருடன் என்று நினைத்துத் திட்டினாள். சரியாகத்தான் நினைத்தாள்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஜனவரியிலேயே நான் அதைப் பார்த்துவிட்டேன்.

கொடியைக் கம்பில் இன்னும் மேலே கட்டுவதற்காக ஒரு மூலையில் பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். பின்னால் சுவர் வியர்த்துக் கொட்டியது. கீழ்ப்பக்கம் பனிக்கட்டி பிடித்திருந்தது. அதன் ஓரத்தில் கறுப்பு, என் உள்ளங்கை அளவுதான் அப்போது. எனக்கு உடனே புரிந்தது. அறையைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் ஈரம் கொடியோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். பின் அடித்த ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் அது உறைந்த சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் தினமும் பார்த்த மீட்டர் கொடிக்குப் பக்கத்தில் தொங்கியது. அதில் ஈரம் தொண்ணூறு காட்டினால் எனக்குச் சந்தோஷம். சுவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்தக் கொடியை வளர்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான், கொடி என்ன கேட்கிறது என்று மட்டும்தான் பார்ப்போம்.

மெஷினை அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் இரண்டு நாளில் இலையெல்லாம் காகிதமாகிவிடும். அப்போதுதான் முதல் முழு இலை சுருளாக வெளியே வந்திருந்தது. அதற்காக மூன்று வருடம் காத்திருந்தேன். வேர்ப் பூஞ்சணத்துக்கு அடிக்கிற பெராக்சைடை எடுத்துச் சுவரில் அடித்தேன். கறுப்பு வெளுத்தது. பிளாஸ்டிக்கை மறுபடி இழுத்து பின் அடித்தேன். இலை விரிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துவிடலாம், ஒரு வாரம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது கீழே நீனா இருமிக்கொண்டிருந்தாள். தரை வழியாகக் கேட்டது லெஸ்யா. நான் ஹெட்போன் போட்டுக்கொண்டேன்.

இலை விரிந்தது. பிறகு அடுத்த சுருள் வந்தது.

எனக்குப் படிப்பு வரவில்லை, கல்யாணம் நிற்கவில்லை. கிடங்கில் என்னை 'ஏய் நீலச்சட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கொடி மட்டும்தான் நான் செய்த ஒன்று. இது காரணம் இல்லை, நடந்தது.

வருகிறேன். பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன், 26 இரவு வந்து சேரும். மேல்வீட்டு அம்மாள் கொடிக்குத் தண்ணீர் தெளிக்கிறேன் என்றிருக்கிறார். பஸ் நிலையத்துக்கு நீ வர வேண்டாம், நானே நடந்து வந்துவிடுவேன்.

தாரஸ்

*

வினிபெக்
ஜூலை 2

தாரஸ்,

பஸ் நிலையத்துக்கு வந்திருந்தேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தும் வந்தேன். உருளைக்கிழங்கு அடைத்த பெரோகி செய்து எடுத்து வந்திருந்தேன், வெங்காயம் வதக்கிப் போட்டு. இரண்டு பஸ் வந்தன. எல்லோரும் இறங்கி, டிரைவரும் இறங்கி, துடைக்கிற பெண் ஏறினாள். "யாராவது தூங்குறாங்களான்னு பாக்குறீங்களா?" என்று அவளிடம் கேட்டேன். கடைசி சீட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாருமில்லக்கா" என்றாள். பெரோகியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

காலையில் நீதிமன்றத்தில் என் பங்கைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றியது, அங்கே உட்காரவைத்தது, வாசனை வந்தும் கேட்காமல் இருந்தது. உன் கடிதத்தை நீட்டினேன். டுவேனின் வக்கீல் எழுந்து, எழுதியவர் ஏன் வரவில்லை என்று கேட்டார். குடும்பத்துக்குள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுக்க முடியாதா என்றார். நீதிபதி கடிதத்தைப் படித்தார். கெட்டவர் இல்லை. ஆனால் முடிவில், செடியோ துணியோ, அந்த வீட்டில் குழந்தை இருக்கத் தகுந்த நிலை இல்லை என்பதுதான் தன் முன் இருக்கும் விஷயம் என்றார். கார்மைக்கேலை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் பெயர் அந்த அறையில் ஒரு தடவைகூட வரவில்லை.

நீனா டுவேனிடம் இருப்பாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள்.

இதை நான் எப்படியோ தாங்கிக்கொள்வேன். வேறு வீடு பார்க்கிறேன், இன்னொரு வேலை சேர்த்துக்கொள்கிறேன், மறுபடி கேட்பேன். உன்னை நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி இனி எழுதமாட்டேன். அது முடிந்துவிட்டது.

நான் எழுதுவது போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

பிராண்டனுக்குப் போனேன். அவளைக் கட்டிக்கொண்டதும் அவள் கொஞ்சம் விலகி, தன் சட்டைக் கையை மூக்கில் வைத்து முகர்ந்தாள். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். ஐஸ்கிரீம் கடையில் மறுபடி முகர்ந்தாள். "ஏன் கண்ணு அப்படிப் பண்ற?" என்று கேட்டேன்.

"உன் வீட்டு வாசன வருதான்னு பாத்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாய்க்குட்டி வளர்க்கலாமா என்று கேட்கிற அதே குரல்.

புதுப் பள்ளியில் ஒரு பெண், நீ ஏன் அப்பா வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டாளாம். "எங்கம்மா வீடு அழுக்கு, அதனாலதான் எனக்கு உடம்பு கெட்டுப்போச்சு" என்று இவள் சொன்னாளாம். டுவேனின் மனைவி அப்படித்தான் விளக்கியிருக்கிறாள். அவளும் கெட்டவள் இல்லை, காகிதத்தில் இருப்பதைத்தான் சொல்லியிருக்கிறாள். நீனா வீட்டுக்குள் வந்ததும் யாரும் சொல்லாமலே கையைக் கழுவுகிறாள். முழங்கை வரை. நுரை போன பிறகும் தேய்க்கிறாள். குழாய்ப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இல்லை, அது மாமாவின் செடியால் வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "பரவாயில்லம்மா" என்றாள். எட்டு வயதுப் பெண் எனக்குச் சமாதானம் சொல்கிறாள். நான் சொன்னால் அது அம்மா சொல்கிற சாக்கு. நீ சொன்னால் நம்புவாள். அவளுக்கு உன்னை என்னைவிடப் பிடிக்கும், எப்போதும் அப்படித்தான். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

அவளுக்கு எழுது. நீதிபதி வேண்டாம், மிஸஸ் ரெம்பெல் வேண்டாம். ஒரு பக்கம் போதும். எழுத்தைக் கூட்டிப் படிப்பாள், தெளிவாக எழுது. உன் அம்மாவின் வீடு அழுக்கு இல்லை, தப்பு செய்தது நான் என்று எழுது. செடியைப் பற்றி எழுதாதே. அவள் செடி எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட.

டுவேனின் விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

லெஸ்யா

*

வினிபெக்
ஜூலை 24

தாரஸ்,

அவளிடம் மாமா எழுதுவார் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. டுவேன் போன் செய்தான், தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாளாம், என்ன சொல்லிவைத்தாய் என்று சத்தம் போட்டான்.

உனக்கு நான் போட்ட தபால் எதுவும் திரும்பி வரவில்லை. அப்படியென்றால் வாங்குகிறாய். படிக்கிறாய்.

லெஸ்யா

*

வினிபெக்
ஆகஸ்ட் 19

தாரஸ்,

ஜெரியிடம் கேட்டேன். நீ நன்றாக இருக்கிறாய், வேலை கிடைத்திருக்கிறது என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். உன் வெட்கம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அதே வெட்கம்தான், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். ஆனால் நான் ஏறுகிறேன்.

அடுத்த மாதம் பள்ளி திறக்கிறது. புது வகுப்பு, புதுப் பிள்ளைகள், மறுபடி யாராவது அவளிடம் கேட்பார்கள். அதற்கு முன்னால் அவளுக்கு எழுது.

லெஸ்யா